சி.ஏ. ரிசல்ட்: 178 வாங்கியவர் தவறுவதும் 150 வாங்கியவர் தேறுவதும் எப்படி?

ஓர் உதாரணத்திலிருந்து தொடங்கலாம். மேற்கு மாம்பலத்தில் ஒரே தெருவில் வசிக்கும் இருவர் சி.ஏ. படிப்பின் இரண்டாம் படியான இன்டர்மீடியட்டில், மூன்று தாள்கள் கொண்ட முதலாவது குரூப்பை எழுதுகிறார்கள். ஒருத்திக்கு 72, 68, 38, மொத்தம் 178. இன்னொருவருக்கு 41, 44, 65, மொத்தம் 150. ரிசல்ட் நாளன்று 150 வாங்கியவர் வீட்டில் ஸ்வீட் பாக்ஸ் பிரிக்கிறார்கள். 178 வாங்கியவள் வீட்டில், “இருபத்தெட்டு மார்க் கூடுதலா வாங்கியும் ஃபெயிலா?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். தாள் திருத்தியதில் ஏதோ தவறு என்று சந்தேகப்படுகிறார்கள்.

தவறு எதுவும் இல்லை. விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதே விதியின்படி, அந்தப் பெண் அடுத்த முறை ஒரே ஒரு தாளைப் படித்தால் போதும். அந்த வீட்டில் பெரும்பாலும் யாருக்கும் இது தெரிவதில்லை. ‘பாஸ்’, ‘ஃபெயில்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு சி.ஏ. மதிப்பெண் பட்டியலைப் படிக்க முடியாது. எப்படிப் படிப்பது, அதைப் புரிந்துகொண்டால் தயாரிப்பில் என்னென்ன மாறும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இது பட்டம் அல்ல, உரிமம்

தமிழ்நாட்டில் சி.ஏ. முடித்தவரை ‘ஆடிட்டர்’ என்று அழைக்கிறோம். அந்தப் பெயரிலேயே இந்தத் தேர்வின் நோக்கம் இருக்கிறது. பி.காம். என்பது பல்கலைக்கழகம் தரும் பட்டம். சி.ஏ. அப்படியல்ல. சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டம், 1949 என்ற சட்டத்தின்படி அமைந்த ஐ.சி.ஏ.ஐ. என்னும் நிறுவனத்தில் உறுப்பினராவதற்கான தகுதி அது. 1949 ஜூலை 1 அன்று அந்த நிறுவனம் பிறந்தது. தலைமையகம் டெல்லியில், தென்மாநிலங்களுக்கான மண்டல கவுன்சில் நுங்கம்பாக்கத்தில். ஒரு கம்பெனியின் வரவுசெலவுக் கணக்கு சரியாக இருக்கிறது என்று சட்டப்படி கையெழுத்திடும் உரிமையை இந்தத் தேர்வு தருகிறது. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் வங்கி கடன் கொடுக்கிறது, பொதுமக்கள் பங்கு வாங்குகிறார்கள். ‘ஒரு பாடத்தில் கெட்டிக்காரர், இன்னொன்றில் ஒன்றும் தெரியாது’ என்ற நிலையை இந்தத் தேர்வு ஏற்றுக்கொள்ளாததற்குக் காரணம் இதுவே.

சென்னைக்கு இதில் தனி வரலாறும் உண்டு. இந்தியாவின் முதல் பெண் கணக்காயர் ஆர். சிவபோகம் இந்த ஊர்க்காரர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். ஐ.சி.ஏ.ஐ. பிறப்பதற்கு முன்பு நடைமுறையில் இருந்த கணக்கியல் பட்டயத் தேர்வில் 1933-இல் தேறினார். சிறை சென்றவர் என்ற காரணத்தால் தொழில் செய்ய அனுமதி மறுக்கப்பட்டபோது நீதிமன்றம் சென்று வென்றார். பிற்காலத்தில் தென்மண்டல கவுன்சிலின் தலைவராகவும் இருந்தார்.

மூன்று படிகள்

2023 ஜூலை 1 முதல் புதிய பாடத்திட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் அமைப்பு இது:

1. ஃபவுண்டேஷன். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. நான்கு தாள்கள்: கணக்கியல், வணிகச் சட்டம், கணிதமும் புள்ளியியலும் சார்ந்த திறனறி தாள், வணிகப் பொருளியல். முதல் இரண்டும் விரித்து எழுதுபவை. அடுத்த இரண்டும் கொள்குறி வகை. பி.காம். போன்ற வணிகப் பட்டத்தில் 55 சதவீதம், மற்ற பட்டங்களில் 60 சதவீதம் பெற்றவர்கள் இந்தப் படியைத் தாண்டி நேராக இன்டர் செல்லலாம்.

2. இன்டர்மீடியட். குரூப்புக்கு மூன்றாக ஆறு தாள்கள். இரண்டு குரூப்பும் தேறியவர்களே ஆர்ட்டிகிள்ஷிப் எனப்படும் செய்முறைப் பயிற்சியில் சேர முடியும்.

3. ஃபைனல். இதிலும் இரண்டு குரூப், ஆறு தாள்கள். இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் எழுத முடியும். அதற்குள் இணையவழியாகத் தாமே படித்து எழுதும் நான்கு தேர்வுகளில் தலா 50 சதவீதமும் பெற்றிருக்க வேண்டும். ஆறாவது தாளுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம். நான்கு மணி நேரம்.

40, 50, 60: மூன்று எண்களும் மூன்று வேலைகளும்

குழப்பமெல்லாம் இங்கேதான். இன்டர், ஃபைனல் இரண்டுக்கும் பொதுவான விதி இது.

40 என்பது தரை. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 வேண்டும். 39 வாங்கினால் மற்ற தாள்களில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் அந்த குரூப் போய்விடும்.

50 என்பது கூட்டுத்தொகைக்கு. குரூப்பின் மூன்று தாள்களும் சேர்ந்து 300-க்கு 150 வர வேண்டும். மாணவர்கள் இதை ‘அக்ரிகேட்’ என்பார்கள். 49, 50, 50 வாங்கியவருக்கு எந்தத் தாளிலும் குறையில்லை. ஆனால் மொத்தம் 149. ஒரே ஒரு மதிப்பெண்ணில் குரூப் போய்விட்டது.

60 என்பது சேமிப்பு. குரூப் தவறினாலும் எந்தத் தாளில் 60 வந்ததோ அந்தத் தாளை அடுத்த மூன்று தேர்வுகளுக்கு மறுபடி எழுத வேண்டாம். இதுதான் ‘எக்ஸெம்ப்ஷன்’. அந்தத் தாளில் வாங்கிய மதிப்பெண் அடுத்த முறை அக்ரிகேட் கணக்கிலும் சேரும்.

மேற்கு மாம்பலம் பெண்ணின் கணக்கை இப்போது மீண்டும் போடலாம். 72, 68 இரண்டுக்கும் எக்ஸெம்ப்ஷன் கிடைத்துவிட்டது. அடுத்த முறை மூன்றாவது தாளில் 40 வாங்கினால் மொத்தம் 180, தேர்ச்சி. நான்கு மாதத்துக்கு ஒரே தாள்தான் பாக்கி. இவளோடு 58, 57, 39 வாங்கிய ஒருவரை ஒப்பிட்டுப் பாருங்கள். அவருக்கு அக்ரிகேட் 154 இருக்கிறது. ஆனால் 60-ஐத் தொட்ட தாள் எதுவும் இல்லை. மூன்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். ரிசல்ட் திரையில் இருவருக்கும் ஒரே சொல்தான் வரும். ஆனால் இருவரின் நிலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிள்ளையிடம் பெற்றோர் கேட்க வேண்டியது, “எந்தத் தாள்ல அறுபது வந்திருக்கு?” என்பதுதான்.

இதில் மறைந்திருக்கும் ஒரு நிபந்தனை பலரை வீழ்த்துகிறது. எக்ஸெம்ப்ஷன் கிடைக்க வேண்டுமானால் அந்த குரூப்பின் எல்லாத் தாள்களையும் எழுதியிருக்க வேண்டும். முதல் தாள் சொதப்பிவிட்டது என்று அழுதுகொண்டே வீட்டில் உட்கார்ந்து மூன்றாவது தாளுக்குப் போகாமல் விட்டால், இரண்டாவதில் 75 வாங்கியிருந்தாலும் அது வீண். எவ்வளவு மோசமாகப் போனாலும் கடைசித் தாள் வரை போய் எழுதிவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஃபவுண்டேஷனில் இந்தச் சேமிப்பு வசதி கிடையாது. நான்கு தாள்களையும் ஒரே முறையில், ஒவ்வொன்றிலும் 40, மொத்தம் 400-க்கு 200 என்று தேற வேண்டும்.

ஒரு குரூப்பா, இரண்டுமா?

டியூஷன் வாசல்களில் ஓயாமல் நடக்கும் விவாதம் இது. இரண்டையும் ஒன்றாக எழுதினால் ஒரு கூடுதல் சலுகை இருக்கிறது: ஆறு தாளிலும் 40 தாண்டியிருந்தால், இரண்டு குரூப்பும் சேர்த்து 600-க்கு 300 இருந்தாலே போதும். முதல் குரூப்பில் 45, 42, 48 என்று 135. இரண்டாவதில் 63, 54, 51 என்று 168. முதல் குரூப்பைத் தனியாக எழுதியிருந்தால் தோல்வி. சேர்த்து எழுதியதால் மொத்தம் 303, இரண்டும் தேர்ச்சி. ஒன்றின் உபரி மற்றதன் குறையை ஈடுகட்டுகிறது. மறுபக்கத்தில் இழப்பும் இல்லை. ஒரு குரூப் தவறினாலும், தேறிய இன்னொரு குரூப் கையில் நிற்கும்.

அப்படியானால் எல்லோரும் இரண்டையுமே எழுதிவிடலாமே என்று தோன்றும். விதியின் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் படிக்கும் நேரத்தின் கணக்கு வேறு. இந்தச் சலுகைக்கும் ஆறு தாளிலும் 40 என்ற தரை உண்டு. ஆறு தாள்களையும் குறைந்தது இரண்டு முறை முழுதாகத் திருப்பிப் பார்க்க நாள் இல்லாதவர் இரண்டையும் எழுதினால், ஆறிலும் 35 முதல் 45 வரை வாங்கி எந்த எக்ஸெம்ப்ஷனும் இல்லாமல் திரும்புவார். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு ஆறு தாளின் பாடமும் ஒருமுறை முடிந்திருந்தால் இரண்டும் எழுதலாம். இல்லாவிட்டால் ஒன்றை உருப்படியாக எழுதுவது நல்லது என்பது என் கருத்து. அக்கம்பக்கத்துப் பிள்ளை இரண்டும் எழுதுகிறான் என்பதைக் காரணமாகக் கொண்டு முடிவெடுக்கக் கூடாது.

‘இருபது சதவீதம்தான் தேர்ச்சி’ என்பதன் பொருள்

புதிய திட்டத்தின் முதல் ஃபைனல் தேர்வு 2024 மே மாதம் நடந்தது. அதில் இரண்டு குரூப்பையும் ஒன்றாக எழுதியவர்கள் 35,819 பேர். தேறியவர்கள் 7,122 பேர். 19.88 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, சி.ஏ. சேருகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் ஆடிட்டர் ஆகிறார் என்று பலர் முடிவு கட்டினார்கள்.

அந்த எண் அதைச் சொல்லவில்லை. அது ஒரே ஒரு தேர்வில், ஒரே மூச்சில் இரண்டு குரூப்பையும் தாண்டியவர்களின் பங்கு. அதே தேர்வின் முடிவில் சி.ஏ. ஆனவர்கள் மொத்தம் 20,446 பேர். 7,122 பேரைக் கழித்தால் 13,324. அதாவது அன்று ஆடிட்டர் ஆனவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஒரு குரூப்பை முன்பே முடித்துவிட்டு, மீதியை அந்த முறை முடித்தவர்கள். தவணையாகத் தேறுவது இந்தத் தேர்வில் விதிவிலக்கு அல்ல. பெரும்பான்மையினர் வந்த வழி அது. ‘ஒரே அட்டெம்ப்ட்டில் முடிக்காவிட்டால் அவமானம்’ என்ற எண்ணத்துக்கு இந்த எண்களில் இடமே இல்லை. ஒரு குரூப் மட்டும் தேறிவிட்டு உறவினர் கல்யாணத்துக்கு வரத் தயங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டார் இந்தக் கழித்தலை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆண்டுக்கு மூன்று முறை

முன்பு மே, நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தேர்வு. 2024-இல் ஃபவுண்டேஷனும் இன்டரும் ஆண்டுக்கு மூன்றாக மாறின. 2025-இல் ஃபைனலும் ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்றாக அறிவிக்கப்பட்டது. வாய்ப்பு கூடியது நல்லதுதான். ஆனால் கூடவே வந்த இரண்டு விளைவுகளை யாரும் அதிகம் பேசுவதில்லை.

1. ரிசல்ட்டுக்கும் அடுத்த தேர்வுக்கும் இடைவெளி சுருங்கிவிட்டது. மே மாதம் எழுதியவருக்கு ஜூலையில்தான் முடிவு தெரியும்; அடுத்த தேர்வு செப்டம்பர். கையில் இருப்பது சுமார் இரண்டு மாதம். ரிசல்ட் வந்தபின் புத்தகத்தைத் திறக்கிறவருக்கு அது போதாது. எழுதிவிட்டு வந்த அன்றே எந்தத் தாள் பலவீனம் என்று ஓரளவு தெரியும். அந்தத் தாளை மட்டுமாவது ஜூன் மாதத்தில் தொட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

2. எக்ஸெம்ப்ஷனின் ஆயுள் குறைந்துவிட்டது. அடுத்த மூன்று தேர்வுகள் என்பது முன்பு ஒன்றரை ஆண்டு. இப்போது அதே மூன்று தேர்வுகள் ஓராண்டில் முடிந்துவிடும். விதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. காலண்டர் மாறியதால் பொருள் மாறிவிட்டது. மூன்றும் தீர்ந்தபின் அந்த எக்ஸெம்ப்ஷனை நிரந்தரமாக வைத்துக்கொள்ளவும் புதிய திட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு விலை உண்டு: மீதித் தாள்கள் ஒவ்வொன்றிலும் 40-க்குப் பதில் 50 வாங்க வேண்டும்.

ஜனவரித் தேர்வு தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த இன்னொரு சிக்கல் பொங்கல். 2025 ஜனவரி 14, பொங்கல் நாளன்று, ஃபவுண்டேஷன் வணிகச் சட்டத் தாள் வைக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்தபின் 16-ஆம் தேதிக்கு மாற்றப்பட்டது. ஜனவரியில் எழுதுகிறவர்கள் அட்டவணையில் திருத்தம் வருகிறதா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

தயாரிப்பு: எதில் நேரம் போடுவது

விதிகள் தெரிந்தபின் படிக்கும் முறை தானாகவே தெளிவாகும். பிடித்த பாடத்தை 80-க்குக் கொண்டுபோவதற்கு முன், பிடிக்காத பாடத்தை 45-க்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலோர் செய்வது நேர்மாறு. கணக்கு வரும் என்பதால் கணக்கையே போட்டுப் போட்டு மகிழ்வார்கள். தணிக்கைத் தாளும் சட்டத் தாளும் கடைசி வாரத்துக்குத் தள்ளப்படும். தரையைத் தொடாமல் போவது பெரும்பாலும் அப்படித்தான்.

இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்று மொழி. இந்தத் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும்; தமிழில் எழுத முடியாது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து, கணக்குப்பதிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள் ஃபவுண்டேஷன் சட்டத் தாளில் திணறுவது அறிவுக் குறையால் அல்ல. ‘முன்மொழிவு’, ‘ஏற்பு’, ‘மறுபயன்’ என்றெல்லாம் தெரிந்த கருத்தை வேற்று மொழியில், மூன்று மணி நேரத்தில், சட்டச் சொற்களோடு எழுத வேண்டியிருக்கிறது. இந்தி பேசும் மாணவருக்குக் கிடைக்கும் தாய்மொழி வசதி இவர்களுக்கு இல்லை. இது அநீதி. அது மாறும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. சட்டத் தாளின் பதிலுக்கு நிலையான உருவம் இருக்கிறது: முதலில் சட்டம் என்ன சொல்கிறது, அடுத்து கேள்வியில் இருக்கும் நிலவரம், கடைசியில் முடிவு. இந்த மூன்று பத்திகளை, தினம் இரண்டு கேள்விக்கு, கையால் எழுதிப் பழக வேண்டும். படித்துப் புரிந்துகொள்வதோடு நிறுத்தினால் தேர்வறையில் வாக்கியம் வராது. மூன்று மாதம் எழுதினால் வரும்.

வரித் தாள்களுக்கு வேறொரு கவனம் தேவை. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கணக்கியல் புத்தகம் பயிற்சிக்கு உதவும். வரிப் புத்தகம் உதவாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் பெரும்பாலும் 5, 18 என்ற இரண்டுக்குள் வந்துவிட்டன. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 536 பிரிவுகள் கொண்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்களே மாறுகின்றன. எந்தத் தேர்வுக்கு எந்தத் திருத்தம்வரை பொருந்தும் என்பதை ஐ.சி.ஏ.ஐ. அறிவிக்கும், ஒவ்வொரு தேர்வுக்கும் முன்பு அது வெளியிடும் ஆர்.டி.பி. எனப்படும் திருப்புதல் கேள்வித் தொகுப்பிலும் திருத்தங்கள் இருக்கும். அண்ணனோ அக்காவோ படித்த நோட்டை நம்பி வரித் தாளுக்குப் போகக் கூடாது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பாடநூல்கள், மாதிரித் தேர்வுகள், நேரலை வகுப்புகள் எல்லாவற்றையும் ஐ.சி.ஏ.ஐ. இலவசமாகவே தருகிறது. வீட்டில் இடமில்லாதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கட்டி டியூஷன் சேராவிட்டால் தேறவே முடியாது என்பது உண்மையல்ல.

ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருப்பவர்களுக்குப் பழைய அறிவுரைகள் இனிப் பொருந்தாது. மூன்று ஆண்டுப் பயிற்சி இரண்டாகிவிட்டது. விடுப்பு ஆண்டுக்கு 12 நாள்தான். ‘தேர்வுக்கு முன் மாதக்கணக்கில் லீவு போட்டேன்’ என்று சீனியர் சொல்வது அவர் காலத்து விதி. இப்போது அந்தப் படிப்பு, பயிற்சிக்குப் பின்வரும் ஆறு மாதத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

தேர்வறைக் கணக்கு

ஃபைனலின் ஆறாவது தாளைத் தவிர, இன்டரிலும் ஃபைனலிலும் 30 மதிப்பெண் கொள்குறி வகை, 70 விரிவானது. கொள்குறியில் தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை. எதையும் காலியாக விடக் கூடாது. 180 நிமிடத்துக்கு 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம், ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்பது நிமிடம். பத்தாவது நிமிடத்திலும் விடை பொருந்தவில்லையென்றால் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். இறுதி விடை தவறினாலும் இடையில் போட்ட படிகளுக்கு மதிப்பெண் உண்டு.

ஃபவுண்டேஷன் கொள்குறித் தாள்களில் ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் போகும். 50 சரி, 50 காலி என்றால் 50. அதே 50 சரி, 50 தவறு என்றால் 37.5, தரைக்குக் கீழே. இதற்காக முழுதும் பயப்படவும் வேண்டாம். நான்கு விடைகளில் ஒன்றாவது நிச்சயம் தவறு என்று தெரிந்தால், மீதி மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சராசரியில் லாபமே.

ரிசல்ட்டுக்குப் பின்

மறுமதிப்பீடு இந்தத் தேர்வில் கிடையாது. ரிசல்ட் வந்த ஒரு மாதத்துக்குள் மதிப்பெண் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம்; கூட்டலில் பிழையா, ஏதாவது விடை திருத்தப்படாமல் விடுபட்டதா என்று மட்டும் பார்ப்பார்கள். தனியாக, விடைத்தாளின் சான்றளிக்கப்பட்ட நகலும் வாங்கலாம். 37, 38 என்று நின்றவர்கள் அந்த நகலை வாங்குவது நல்லது. நகல் வந்ததும் ஐ.சி.ஏ.ஐ. வெளியிட்ட மாதிரி விடைகளைப் பக்கத்தில் வைத்து, எந்தக் கேள்வியில் எந்தப் படிக்கு மதிப்பெண் போகவில்லை என்று தாள் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வர வேண்டும். தெரியாமல் போனவை எத்தனை, தெரிந்தும் எழுதாமல் விட்டவை எத்தனை, நேரம் போதாமல் நின்றவை எத்தனை என்று மூன்று எண்கள் கிடைக்கும். மாம்பலத்துப் பெண்ணின் அடுத்த நான்கு மாத அட்டவணையை அந்த மூன்று எண்களிலிருந்தே போட்டுவிடலாம்.